எழுதினால் தேயும்

பிராங்கின் மால், மூன்றாம் மாடி.
எஸ்எஸ்டி என்றால் என்னவென்று
கூ எனக்கு விளக்கிக்கொண்டிருக்கிறார்.
உள்ளே சுழல்வது எதுவும் இல்லை, அக்கா.
சத்தம் இல்லை. கீழே விழுந்தாலும் ஒன்றும் ஆகாது.
தலையாட்டுகிறேன்.
பாயான் லெப்பாஸில் பதினொரு வருடமாக
இதைத்தான் சூட்டில் போட்டு எடுக்கிறேன் என்று சொல்லலாம்.
சொன்னால் தள்ளுபடிக்கு அடிபோடுகிறாள் என்று நினைப்பார்.

வீட்டுக் கணினிக்கு ஒன்பது வயது.
பொத்தானை அழுத்திவிட்டு
அரிசி களைந்து, உலையில் போட்டு,
துணியும் உலர்த்திவிட்டு வந்தால்
நீல வட்டம் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கும்.
கவிஷா அதற்கு வைத்த பெயர் தைப்பூசத் தேர்:
வரும்,
எப்போது என்று மட்டும் கேட்கக் கூடாது.

கண்ணாடிக்குள் நான்கு.
ஒன்றில் டிராகன். ஒன்றில் மின்னல்.
ஒன்று வெள்ளிக் கவசத்தோடு மாப்பிள்ளைத் தோரணையில்.
நான்காவது வெறும் கறுப்புச் சதுரம்,
பெயரைக்கூடச் சின்னதாகத்தான் எழுதியிருக்கிறார்கள்.
எல்லா அட்டையிலும் வேகம் பெரிய எழுத்தில்.
காலி வயிற்றோடு ஓடும் வேகம் அது.
நிரம்பியபின் எப்படி நடக்கும் என்பதை
ராத்திரி மூன்று மணிக்கு நாங்கள் அளப்போம்.
அட்டையில் போட மாட்டார்கள்.

போர்டில் எம்-டூ பள்ளம் இருக்கா, அக்கா?
கைப்பேசியில் படம் எடுத்து வந்திருந்தேன்:
ஒன்பது வருடத் தூசி, ஒரு கரப்பான் கூடு, கொஞ்சம் ஒயர்.
கூ படத்தை இழுத்து இழுத்துப் பெரிதாக்கினார்.
இல்லை. சாட்டா மட்டும்தான்.
டிராகன், மின்னல், மாப்பிள்ளை
மூவரும் வாசலோடு திரும்பினார்கள்.

கறுப்பைத் திருப்பிப் பொடி எழுத்தைப் படித்தேன்.
முந்நூறு டெராபைட் வரை எழுதலாம்.
அதற்குமேல் உத்தரவாதம் இல்லை.
வாசிப்பதற்குக் கணக்கே இல்லை,
எத்தனை முறை வேண்டுமானாலும் வாசிக்கலாம்.
எழுதும்போதுதான் தேயும்.
தெரிந்த விஷயம்தான். ஆனாலும்
காசு கொடுக்கும் பக்கம் நின்று படிக்கும்போது
வேறு மாதிரி இருந்தது.

நாளைக்கு இருபது ஜிபி என்று வைத்தால்
நாற்பத்தொரு வருடம்.
அப்போது எனக்கு எண்பது.
ஃப்ளாட்டுக் கடனே முப்பத்தைந்தில் முடிந்துவிடும்.

நூற்று எழுபத்தொன்பது ரிங்கிட்.
பழையதை அப்படியே மாற்றித் தர இன்னும் நாற்பது.
இல்லை, சுத்தமாகப் புதுசாகப் போட்டுக்கொள்கிறீர்களா?
பழையதில் என்ன இருக்கிறது?
கவிஷாவின் நாலாம் வகுப்புப் பாடங்கள்.
யாருடைய கல்யாணம் என்றே தெரியாத ஒரு கல்யாணப் படங்கள்.
ராஜினாமா, ராஜினாமா இரண்டு, ராஜினாமா இறுதி,
ராஜினாமா இறுதி புதிது.
அப்படியே மாற்றுங்கள் என்றேன்.
பழையதைப் பையிலிருந்து எடுத்து நீட்டினேன்.
கீழே போய் மீ கோரெங் சாப்பிட்டு வரச் சொன்னார்.
சாப்பிட்டேன். இன்னொரு தே ஓ குடித்தேன்.
பழையது தன் கடைசி வேலையையும்
அவசரப்படாமல்தான் செய்தது.

ஆயர் ஈத்தாம் பஸ்ஸில் மடியில் வைத்திருந்தேன்.
முறுக்குப் பாக்கெட்டைவிட லேசு.

தாங்கி தனியாக ஆறு ரிங்கிட் என்று கூ சொல்ல, வேண்டாமென்றிருந்தேன்.
இரட்டைப் பக்கப் பசைநாடாவில் ஒட்டினேன்.
உள்ளே எதுவும் சுழலாததற்கு எதற்குத் திருகாணி?

அழுத்தினேன்.
பன்னிரண்டு நொடி.
அரிசி டப்பாவின் மூடியில் வைத்த கை
அங்கேயே இருந்தது.
கறக் கறக் என்ற அந்தச் சத்தம் இல்லாமல்
ஓடுகிறதா என்று சந்தேகமாகி
பெட்டியில் காதை வைத்துப் பார்த்தேன்.
ம்மா, தேர் வந்துடுச்சு என்றாள் கவிஷா.

காலி அட்டையைக் குப்பையில் போடும்முன்
முதுகில் இருந்த எண்ணைப் பார்த்தேன், பழக்கம்.
எங்கள் ஆலைதான். இருபத்திரண்டாம் வாரம்.
நாள்காட்டியைப் புரட்டினேன்.
அந்த வாரம் டெங்கி, நான் எம்சி-யில்.
என் நாற்காலியில் நோரைனி இருந்திருப்பாள்,
இல்லையென்றால் அந்த நேபாளப் பெண்,
வந்து ஒரு மாதம்கூட ஆகாதவள்,
பச்சை விளக்குக்கும் ஒருமுறைக்கு இருமுறை
திரும்பிப் பார்த்துத் தட்டில் வைப்பவள்.